தில்லையடிக்குத் தவணை கேட்கப் போனேன்

புத்தளத்துக்கு உப்பு வாங்க வருவார்கள், கருவாடு வாங்க வருவார்கள், வெள்ளைக்காரர்களாயிருந்தால் காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கி விளையாட வருவார்கள். நான் வந்தது தவணை கேட்க. பிறத்தியார் வீட்டில் என் அக்கா முப்பது வருடத்துக்குக் கிட்ட இருந்தாயிற்று, இன்னும் ஒரு வருடம் இருக்க விடுங்கள் என்று அந்த வீட்டுக்காரியிடம் நேரில் கேட்க. அதற்காகவே சூரிச்சிலிருந்து புறப்பட்டு வந்த ஐம்பத்தைந்து வயது ஆம்பிளை நான். கையில் ஒரு பெட்டி சொக்கலேட், சட்டைப் பையில் பிரஷர் குளிசை.

விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு யாழ்ப்பாணத்தில், முஸ்லிம் வட்டாரத்தில் இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு தமிழ் ஆயுத இயக்கம் வடக்கிலிருந்து முஸ்லிம்களை ஒருவர் விடாமல் வெளியேற்றியபோது, ஜெஸீமா என்ற பெண்ணின் குடும்பமும் அந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் புத்தளம் வந்து சேர்ந்தது. ஐந்தாறு வருடம் கழித்து, சண்டைக்குப் பயந்து வன்னிக்கு ஓடியிருந்த என் அக்கா யாழ்ப்பாணம் திரும்பினாள். எங்கள் சொந்தக் காணி இராணுவத்தின் முட்கம்பிக்குள் போயிருந்தது. முஸ்லிம் வட்டாரத்தில் கூரையோடு நின்ற ஒரு வீட்டில் அக்காவும் அத்தானும் ஏறினார்கள், ஒரு கிழமைக்கு என்று. அத்தான் அந்த வீட்டில்தான் செத்தார். பிள்ளைகள் இல்லை. முட்கம்பி இன்னும் நிற்கிறது. அக்காவும் அங்கேயே இருக்கிறாள்.

அக்கா கள்ளி இல்லை. பள்ளிவாசல்காரர் மூலம் வீட்டுக்காரியைத் தேடிப் பிடித்து, ‘உங்கள் வீட்டில் இருப்பது நான்தான், ஓடு ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கடிதம் போட்டவள். பிறகு பெருநாளுக்கும் தீபாவளிக்கும் இரண்டு பேரும் தொலைபேசியில் கதைப்பார்கள். முகம் கண்டதில்லை. போன மாதம் ஜெஸீமா எடுத்தார். மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருக்கிறது. அவர்கள் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பான். மாப்பிள்ளைக்குக் கடை யாழ்ப்பாணத்தில். ஆகவே வீடும் யாழ்ப்பாணத்தில் வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த பிறகு விட்டுத் தந்தால் போதும்.

அக்கா என் தலையில் போட்டாள். “தம்பி வெளிநாட்டால வருவான், வந்து கதைப்பான்” என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு எனக்கு எடுத்தாள்.

“ஒரு வருசம் கேளடா. அதுக்குள்ள எங்கட காணியை விட்டிடுவாங்கள் எண்டு கதைக்கினம். வேற எனக்குப் போக்கிடம் இல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே. நீ கேட்டா மறுக்கமாட்டினம்.”

நான் கேட்டால் யாரும் மறுக்கத் தேவையில்லை. கேட்பதற்கு முன் நானே மறுத்துக்கொண்டு எழும்பி வந்துவிடுவேன். கூடப் பிறந்தவளுக்கு இது இவ்வளவு காலமும் தெரியாமல் போனது எப்படி என்று விளங்கவில்லை.

முதல் நாள். கொழும்பிலிருந்து புத்தளம் போகிற பஸ். சூரிச்சில் ட்ராம் இரண்டு நிமிடம் பிந்தினால் பலகையில் மன்னிப்பு எழுதிக் காட்டுவார்கள். இந்தப் பஸ் சிலாபம் தாண்டி முந்தலுக்குக் கிட்ட டயர் வெடித்து நின்றது. மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கினார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. ஏனென்றால் வெடித்த சத்தத்தோடு நான் இருக்கைக்குக் கீழே போயிருந்தேன். முப்பத்தைந்து வருடம் சுவிஸ் பால் குடித்தும் இந்த உடம்பு திருந்தவில்லை.

முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பியபோது இரண்டு சிங்களப் பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்துக் கதைத்தார்கள். “பாவம், ஏதோ கீழே விழுத்திவிட்டார் போல, தேடுகிறார்” என்றாள் ஒருத்தி. மற்றவள் தலையாட்டினாள். “தேடவில்லை. என் வீட்டுக்காரரும் இப்படித்தான். பட்டாசு கொளுத்தினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். ஆமியில் இருந்தவர்.” பிறகு அவள் கூடையிலிருந்து மிளகாய்த்தூள் போட்ட அன்னாசித் துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். ஒரு படைவீரனுக்குரிய மரியாதையோடு வாங்கித் தின்றேன். உறைத்தது.

தில்லையடி, புத்தளம் நகரத்தின் விளிம்பில் இருக்கிறது. பாலாவிச் சந்தி வந்தபோது இன்னும் பத்து நிமிடம்தான் என்று கொண்டக்டர் சொன்னார். தெருவோரம் உப்புக் குவியல்கள் ஓலை மூடிக் கிடந்தன. ஒரு கழுதை நடுத்தெருவில் நின்று, போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது என் சொந்தக்காரன் போல இருந்தது. அங்கேயே இறங்கி, எதிர்ப்பக்கம் கற்பிட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். முதலில் கொஞ்சம் களைப்பாறிவிட்டுப் போனால் நல்லது என்று எனக்கே விளக்கம் சொன்னேன். அக்கா எடுத்தபோது, “வந்திட்டன், கிட்ட நிக்கிறன்” என்றேன். பொய்யில்லை. கிட்டத்தான்.

ஆலங்குடாவில் ஒரு விடுதியில் அறை. கரையில் நின்றால் ஒரு பக்கம் காற்றாடிக் கோபுரங்கள், ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, கடலுக்கு மேல் கலர் கலராகப் பட்டங்கள். விடுதிக்காரர் மலையளவு சோறும் நண்டுக் கறியும் போட்டார். யாழ்ப்பாணத்து நண்டுக்குத்தான் ருசி என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் வாயை மூடிக்கொண்டேன். இந்த ஊரில் அப்படிச் சொல்ல உரிமையுள்ளவர்கள் வேறு ஆட்கள்.

சாப்பிட்ட பிறகு சொக்கலேட் பெட்டியைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். ஜேர்மன் மொழியில் சின்ன எழுத்து. கண்ணாடி போட்டு வாசித்தேன். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் சாராயத்தில் ஊறவைத்த செர்ரிப்பழம் ஒன்று இருப்பதாகப் பெருமையோடு எழுதியிருந்தார்கள். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் இருக்கிற வீட்டுக்கு, தவணை கேட்க, சாராயத்தோடு போக இருந்தேன். நெஞ்சு அடித்த அடியில் அடுத்த நாளுக்குரிய குளிசையையும் சேர்த்துப் போட்டேன்.

இரண்டாம் நாளும் தில்லையடிக்குப் போகவில்லை. விடிந்தபோது வயிறு சரியில்லை என்று தோன்றியது. பிறகு வெயில் கூடிவிட்டது. பிறகு, இவ்வளவு தூரம் வந்துவிட்டு உச்சமுனையைப் பார்க்காமல் போவதா என்று ஒரு ஞாயமான கேள்வி எழுந்தது. உச்சமுனை, களப்பு என்கிற கடல்நீர் ஏரிக்குள் ஒரு மணல் திட்டு. வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டு மீன்பிடிக்கிற சனம். வள்ளத்தில்தான் போகலாம். வள்ளக்காரர் அன்ரனி என் வயதுக்காரர், கற்பிட்டிக் கத்தோலிக்கர். சொக்கலேட் பெட்டியை அவரோடு சேர்ந்து தீர்த்தேன். அவர் பதினொன்று, நான் பதின்மூன்று.

“மருந்து மாதிரிக் கெடக்குது ஐயா” என்று விரலைச் சூப்பினார். “கோயிலுக்குக் குடுக்கலாம்.”

நடுக் களப்பில் இயந்திரம் இருமி நின்றது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். தெரியாததுகளையும் கூப்பிட்டேன். அன்ரனி சிரித்தார். “எறங்கி நில்லுங்க, இடுப்பளவு தண்ணிதான்.” பிறகு எண்ணெய்க் குழாயை வாயால் ஊதிக்கொண்டே, நான் கேட்காமலே, தொண்ணூறாம் ஆண்டைப் பற்றிச் சொன்னார்.

“எனக்குப் பத்தொம்பது வயசு. விடியக் கரைக்கு வாறன், கடல் முழுக்க வள்ளம். மன்னார்ல இருந்து. தொறத்தி உட்டிருக்காங்க. எறங்கிக் கரையில நிக்கிறாங்க, பொம்பள, புள்ள, கெழவங்க. அவ்வளவு சனம், ஒருத்தரும் கதைக்கல்ல ஐயா. ஒரு புள்ள கூட அழல்ல. எனக்கு அதப் பாத்துத்தான் பயம் வந்திச்சு.”

“பிறகு?”

“எங்கம்மா அண்டாவுல தேயில கொதிக்க வெச்சு பிளேன்ரி ஊத்தினா. ஊட்டுச் சீனி எல்லாம் முடிஞ்சிச்சு. மூணு கெழமையில திரும்பிப் போயிருவாங்கன்னு பேச்சு. போகல்ல. கெணறு வத்திச்சு. அவங்க கொறஞ்ச கூலிக்கு வேலைக்குப் போனாங்க, எங்களுக்கு வேல இல்ல. பொறகு எங்கம்மா அவங்களத் தண்ணி அள்ள உடாம வாளிய எடுத்து உள்ளுக்கு வெச்சா. பிளேன்ரி ஊத்தின அதே அம்மா.” குழாயைத் திரும்ப மாட்டினார். “நீங்க அப்ப எங்க இருந்தீங்க?”

“யாழ்ப்பாணத்திலை.”

“அங்கயும் தொறத்தினாங்க தானே. நீங்க என்ன செஞ்சீங்க?”

“படிச்சுக்கொண்டிருந்தன்” என்றேன்.

அது உண்மைதான், ஆனால் அந்தக் குறிப்பிட்ட நாளில் நான் படிக்கவில்லை. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் இரண்டு மணித்தியாலத் தவணை சொல்லிவிட்டுப் போன பிறகு, எங்கள் தெருவால் அந்தச் சனம் நடந்து போனது. எனக்குச் சட்டை தைத்துத் தந்தவர் போனார். என்னோடு பந்து விளையாடியவன் போனான். நான் படலைக்குள் நின்று பார்த்தேன். பந்து விளையாடியவன் என் பக்கம் திரும்பியதும், படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். அம்மா சோறு போட்டாள். பூசணிக்காய்க் கறி. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். போர்க்காலத்தில் நீ என்ன செய்தாய் என்று சுவிஸில் யாராவது கேட்டால், வேறு கதைகள் சொல்வேன்.

உச்சமுனையில் மணல் சுட்டது. அன்ரனியின் சொந்தக்காரர் வாடியில் சுட்ட மீனும் சோறும் தந்தார். காய வைத்த வலைகளுக்கு நடுவே இருந்து சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. இரண்டாம் தரம் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒளிய இடம் தீர்ந்துவிட்டது. அக்கா காலையிலேயே எடுத்து, “மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறாய் எண்டு அவையிட்டைச் சொல்லிப்போட்டன்” என்றாள். புத்தளம் பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு பேக்கரியில் கேக் வாங்கினேன். வாங்குமுன், இதற்குள் சாராயம் ஏதும் உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் கேக்கைத் திரும்ப எடுத்து வைக்கப் பார்த்தார்.

முச்சக்கரவண்டிக்காரன் பெயர் நியாஸ். புத்தளத்துச் சொந்த ஊர்க்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். தில்லையடியில் ஜெஸீமா வீடு என்றதும், “எந்த ஜெஸீமா? மன்னாரா, முசலியா, யாழ்ப்பாணமா?” என்று கேட்டான். முப்பத்தைந்து வருடமாகியும் அந்தந்த ஊர்க்காரர் அந்தந்த ஒழுங்கையில்தான் இருக்கிறார்களாம்.

“யாழ்ப்பாணம்.”

“ஆ, ஜப்னா அகதியா” என்று சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்தான். “மன்னிச்சுக்கோங்க சேர். வாய்ப்பழக்கம். என்ட பொண்டாட்டியும் அகதி தான், மன்னார் பக்கம். ஊட்ல சண்ட வந்தா நான் அகதின்னு ஏசுவேன். அவ செல்லுவா, நாங்க வந்த பொறகு தான் உங்கட ஊருக்கே மனிசர் வந்தாங்கன்னு. என்ட மகளுக்கு ஆறு வயசு. இஸ்கூல்ல கேட்டிருக்காங்க, நீ ஊரா அகதியான்னு. புள்ள வந்து என்னக் கேக்குது, வாப்பா நான் பாதிப் பாதியான்னு.”

“என்ன சொன்னனீர்?”

“உம்மாட்ட போய்க் கேளுன்னு செல்லிட்டன்.” ஹோர்ன் அடித்து ஒரு கழுதையை ஒதுக்கினான். “அவட்ட நாக்கு நீளம்.”

ஓலைக் கொட்டில்களை எதிர்பார்த்து வந்தவனுக்குத் தில்லையடி ஏமாற்றம்தான். கடைகள், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், மாடி வீடுகள். ஒழுங்கைக்குள் போகப் போகத்தான் பழையது தெரிந்தது: பாதிச் சுவர் கல், மீதி தகரம். பூசாத சுவரில் இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. போவோமா இருப்போமா என்று தெரியாதவர்கள் கட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடிதண்ணீருக்கு நீலப் பீப்பா.

ஜெஸீமா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. தவணை கேட்கிற வீட்டில் ஏன் இத்தனை செருப்பு என்று நான் யோசிப்பதற்குள் ஒரு மனிதர் ஓடி வந்து என்னை நெஞ்சோடு அணைத்தார். ஜெஸீமாவின் தம்பி ரஊப்.

“வாங்க தம்பி, வாங்க! லாத்தா, சுவிஸ் தம்பி வந்திட்டார்!” உள்ளே தன் அக்காவுக்குக் குரல் கொடுத்துவிட்டு, கதிரையில் இருந்த வெள்ளைத் தொப்பிக்காரரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார். “இவர்தான் லாபிர் ஹாஜியார். மாப்பிள்ளைட வாப்பா. யாழ்ப்பாணத்தால நேற்றே வந்திட்டார். வீட்டு விசயத்த உங்கட வாயாலயே கேட்டிட்டுப் போகோணும் எண்டு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலியாணப் பேச்சில் கொடுக்கிற வாக்கை இவர்கள் ஆள் நேரில் இருந்து, இரண்டு பக்கத்து ஆம்பிளைகளும் கேட்கத்தான் சொல்வார்கள். இல்லை என்று சொல்வதற்கு ஒருவரும் கடல் தாண்டி வருவதில்லை. இல்லையைப் போனிலேயே சொல்லிவிடலாம். சுவிஸிலிருந்து ஆள் வருகிறது என்றால் வீடு கொடுக்கத்தான் வருகிறது. அக்கா ‘தம்பி வந்து கதைப்பான்’ என்று சொன்ன வசனத்தை, அவர்கள் தங்கள் வழக்கப்படி விளங்கி, ஆடு அடித்து, சம்பந்தியையும் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது நான் வாயைத் திறந்து ‘ஒரு வருடம்’ என்றால், வருகிறது தவணை, போகிறது கலியாணம்.

கேக்கை யாரோ கையிலிருந்து வாங்கினார்கள். வாசலில் கழற முயன்ற நியாஸையும் ரஊப் விடவில்லை. “நீங்களும் வாங்க, சஹனுக்கு நாலு பேர் வேணும்.” சஹன் என்பது பெரிய தட்டம். அதில் நெய்ச்சோறும் இறைச்சியும் குவித்து, நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கோடு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவரவர் தன் முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பாயில் சப்பாணி கட்டி இருந்தேன். முழங்கால் இரண்டும் ஜேர்மன் மொழியில் ஏசின.

பயம் வந்தால் எனக்குப் பசி வரும். வேகமாகச் சாப்பிட்டேன். என் பக்கத்துச் சோறு தீர்ந்து, கை தன்பாட்டில் லாபிர் ஹாஜியாரின் பக்கத்துக்குள் போய் ஓர் எலும்பை எடுத்துவிட்டது. கையைப் பார்த்தேன். பிறத்தியார் பங்கில் கைவைப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லையே என்று உள்ளுக்குள் யாரோ சொன்னது கேட்டது.

“எடுங்க தம்பி, எடுங்க” என்று ஹாஜியார் இன்னும் இரண்டு துண்டை என் பக்கம் தள்ளினார். “சஹன்ல என்ன உங்கட எங்கட.”

சாப்பாடு முடிந்து ரஊப் இரண்டு கையையும் ஏந்தித் துஆ ஓதினார். அரபு முடிந்து தமிழுக்கு வந்தார். “யா அல்லாஹ், எங்கட வீட்டப் பாழ் விடாம, விளக்கேத்தி வெச்சுப் பாத்த அந்த அக்காவுக்கு நீ ஒரு குறையும் வெக்காத.” எல்லோரும் ஆமீன் என்றார்கள். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து பெண்களின் ஆமீன் வந்தது. எல்லாம் அடங்கிய பிறகு இன்னொரு ஆமீன் தனியாக, சத்தமாக, கீச்சுக் குரலில் கேட்டது. அது என்னுடையது. நியாஸ் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான்.

இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. கரண்டியை வைத்துவிட்டு லாபிர் ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

“அப்ப தம்பி, வீட்டுத் திறப்பு எப்ப கையில வரும்?”

திரை அசையவில்லை. அதற்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது. நான் சூரிச்சில் கண்ணாடி முன் நின்று பழகிய வசனம் என்னிடம் இருந்தது. ‘அக்காவின் நிலைமையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்’ என்று தொடங்கும். வாயைத் திறந்தேன்.

“ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தியே தாறம்” என்றேன்.

அவர்கள் கேட்டது பெருநாளுக்குப் பிறகு. ஒருவரும் கேட்காமல் முந்தி என்றது நான். கேட்டதை மறுக்க முடியாத கோழைகளைக் கண்டிருக்கிறேன். கேட்காததையும் கொடுக்கிற கோழை நான் ஒருவன்தான். “அல்ஹம்துலில்லாஹ்!” என்று ஹாஜியார் எழும்பி ரஊபைக் கட்டிப் பிடித்தார். பிறகு என்னை. பிறகு, ஏன் என்று தெரியாமல், நியாஸையும்.

ஜெஸீமா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அறுபது இருக்கும். மெலிந்த ஆள், முக்காட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், அவருடைய வீடு. “அக்கா எங்க இருப்பா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“என்னோட சுவிசுக்கு வாறா” என்றேன்.

அவருடைய தோள் தளர்ந்து இறங்கியது. “மாஷா அல்லாஹ். எனக்கு ஒரு கிழமையா நித்திரை இல்ல. அவவை வெளியில போ எண்டு சொல்லுற வாய் எனக்கு வந்திட்டே எண்டு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வாசலில் செருப்புக் குவியலுக்குள் என் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மணப்பெண் ஷிபா ஒரு பொட்டலத்தோடு வந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சராம். ரீச்சரைப் போலவே பார்த்தாள்.

“வழியில சாப்பிட. உம்மா தந்தவ.” கொஞ்சம் நிறுத்தி, மெல்லிய குரலில் கேட்டாள். “நீங்க தவணை கேக்கத்தானே வந்தனீங்க?”

நான் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். என் சப்பாத்துக்கு நாடா கிடையாது.

“சுவிசுக்குக் கூட்டிப் போறன் எண்டதும் பொய்தானே.”

“ஓம்.”

“பெருநாளுக்கு முந்தி எண்டது?”

“அது… இனி உண்மையாக்க வேணும் பிள்ளை.”

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. “நான் இங்க பிறந்தவ. இங்க எங்களுக்கு அகதி எண்டு பேர். முதல்ல திரும்பிப் போன ஆக்களுக்கு யாழ்ப்பாணத்தில புத்தளத்தார் எண்டு பேராம். அந்த வீட்ட நான் போட்டோவில கூடப் பாக்கல்ல. அது உம்மாட உம்மாக்குக் குடுத்த வீடு, பிறகு உம்மாக்கு. எனக்குக் குடுக்காட்டி உம்மா கண்ண மூட மாட்டா.” உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. “ரெண்டு பொம்பிளையள், ஒரு வீடு. நடுவில நீங்க நல்லாச் சாப்பிட்டீங்க.”

சொல்லிவிட்டு, பொட்டலத்தின் நூலை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கி என் கையில் தந்தாள். கசிந்துவிடக் கூடாதாம்.

திரும்பும் வழியில் நியாஸ் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான். “நீங்க பெரிய மனிசன் சேர்” என்றான். “ஊட்ட அப்படியே குடுத்திட்டீங்களே.” இப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான். கடைசி ஆளும் அவனாகத்தான் இருப்பான். அந்த வீடு எனக்குச் சொந்தமில்லை, அக்காவுக்கும் சொந்தமில்லை, ஆனாலும் அதைக் கொடுத்த வள்ளல் நான்.

புத்தளம் பஸ் நிலையத்தில் பிற்பகல் வெயில். பேக்கரிப் பாண் லொறி ஒன்று பின்னுக்கு வர, ஒருவன் வரச் சொல்லி “எண்ட, எண்ட” என்று சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தான். கழிப்பறைக்கு இரண்டு தடவை போய் வந்தேன். மூன்றாம் தடவை போக வெட்கமாக இருந்ததால் அக்காவுக்கு எடுத்தேன்.

“கேட்டனியே?” என்றாள், ஹலோ கூடச் சொல்லாமல். பின்னால் தையல் மெசின் ஓடுவது கேட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி இருந்தது, சஹன், துஆ, என் வாய். பெருநாளுக்கு முந்தி என்று நான் சொன்னதையும் சொன்னேன். சுவிஸ் கதையை மட்டும் சொல்லவில்லை. தையல் மெசின் நின்றுவிட்டது. அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் சுகமாயிருக்கும், ஏச்சுக்குப் பதில் சொல்ல என்னிடம் எப்போதும் ஒரு பகிடி இருக்கும்.

“இண்டையிலயிருந்து பெருநாளுக்கு எவ்வளவு நாள்?” என்று கேட்டாள்.

“ரெண்டு மாதம் வரும்.”

பாண் லொறிக்காரன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

“அதுகளுக்கு ரெண்டு மணித்தியாலம்தானே குடுத்தவங்கள்” என்றாள் அக்கா. “எனக்கு ரெண்டு மாதம். தாராளமாக் காணும்.”

எங்கே போகப் போகிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். சூரிச்சில் என் வீட்டில், மகன் படிக்கப் போன பிறகு, ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பஸ் வந்துவிட்டது, பிறகு எடுக்கிறேன் என்றேன். பஸ் வரவில்லை.